எலியாஸ் ஹோல்னஸ் படிக்காமல் விட்ட பக்கம்

எலியாஸ் ஹோல்னஸ் செத்து ஆறு வாரமாகிறது. அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல இந்த விட்ஸ்டபிள் ஊரில் ஆளில்லை. எனக்கும் அப்படியொன்றும் ஆசையில்லை. ஆனால் கடைசி இரண்டு வருஷம் கடற்கரையில் அவன் பக்கத்தில் குனிந்து கல் பொறுக்கியவள் நான். யாராவது சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் அது என் தலையில்தான் விழும். எல்லாமே அப்படித்தானே விழுகிறது.

என் பெயர் மெர்சி ரிக்டன். புயலடித்த மறுநாள் களிமண் மேடு சரிந்து, அன்னபேதிக் கல் மணலில் வந்து கிடக்கும். கடல் உள்வாங்கின நேரம் பார்த்துப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவோம். கூடை நிறையும்போது இடுப்பு போய்விடும். அந்தக் கல்லை மேட்டில் படுகை படுகையாகப் பரப்பி ஐந்து வருஷம் மழையில் ஊற விடுவார்கள். அதிலிருந்து ஒரு புளிப்புத் தண்ணீர் வடியும். ஒரு சொட்டு பட்டால் போதும், துணி ஓட்டையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எந்தப் பெண்ணின் பாவாடை ஓரம் சல்லடையாக இருக்கிறதோ அவள் எங்கள் ஆள்.

அந்தத் தண்ணீரை ஈயக் கொப்பரையில் ஊற்றி இருபது நாள் காய்ச்ச வேண்டும். பழைய நங்கூரம், ஆணி, பீப்பாய் வளையம் என்று இரும்பை அள்ளி அள்ளிப் போட வேண்டும். இரும்பு குறைந்தால் தண்ணீர் ஈயத்தையே தின்ன ஆரம்பித்துவிடும். பதம் வந்ததும் தொட்டியில் ஆறவிட்டால், உள்ளே தொங்கவிட்ட முட்குச்சிகளில் அன்னபேதி பச்சைப் பச்சையாகக் காய்த்து நிற்கும். லண்டனில் சாயக்காரர்களுக்கும் தொப்பிக்காரர்களுக்கும் மை காய்ச்சுகிறவர்களுக்கும் அது வேண்டும். இதெல்லாம் நடக்கிற எங்கள் கொட்டடியில் கொப்பரைக்காரன் என் புருஷன் ஏபெல். குமாஸ்தா எலியாஸ். இரண்டு பேரும் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். எலியாஸின் அப்பா சிப்பிப் படகோடு முழுகிப்போன பிறகு பாதிரியார் அவனைக் கூப்பிட்டு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அதனால் அவனுக்கு நாற்காலி கிடைத்தது, ஏபெலுக்கு நெருப்பு கிடைத்தது.

முதலாளி பெல்சி லண்டனில் இருந்தார். இங்கே வந்தது ஒரே ஒரு தடவை, மூக்கில் கைக்குட்டையோடு. மற்றபடி மாதத்துக்கொரு கடிதம் சரக்குப் படகில் வரும். அதற்கென்று ஒரு சட்டம் போட்டிருந்தார். கடிதம் வந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் கொப்பரைக் கொட்டகை வாசலில் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். குமாஸ்தா கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரக்கப் படிக்க வேண்டும். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து "கேட்டோம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்கு அன்றைக்கு வேலையில்லை.

அந்த மனிதர் எழுதுகிற எழுத்து இருக்கிறதே, கேட்டால் வயிறு எரியும். நன்றாக எழுதத் தெரிந்தவர், அதுதான் கொடுமை. ஒரு ஆளைக்கூட நேரில் தெரியாது. ஆனாலும் ஒவ்வொருத்தரையும் எந்த இடத்தில் குத்தினால் வலிக்கும் என்று மட்டும் தெரியும். ஒரு சனிக்கிழமை, படுகை பார்க்கும் கிழவர் ஆமோஸ் ஃபோட்டைப் பற்றி, "அந்த அழுகின கிழட்டுக் கழுதை கல்லோடு கல்லாகப் படுத்துக்கொண்டால் அதிலிருந்தாவது நாலு சொட்டு உருப்படியாக வடியும்" என்று எழுதியிருந்தார். எலியாஸ் படித்தான். படிக்கும்போது அவன் காது சிவந்தது. முப்பது வருஷமாக மழையில் நின்று கல்லைத் திருப்பிப் போட்ட ஆமோஸ், தொப்பியை மார்பில் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகக் "கேட்டோம்" என்றார்.

அடுத்த மாரியில் ஆமோஸ் நெஞ்சுச்சளியில் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு வந்த கடிதத்தில் முதலாளி என்ன எழுதியிருந்தார் என்பது எங்களுக்கு ரொம்பப் பின்னால், பழைய கடிதங்கள் கைக்குக் கிடைத்தபோதுதான் தெரிந்தது. ஒரு வாய் குறைந்தது, கிழவியை மாதக் கடைசிக்குள் குடிசையை விட்டுக் கிளப்பு என்று எழுதியிருந்தாராம். அன்றைக்கு ஆமோஸின் மனைவி டமாரிஸ் அத்தை கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு முதல் வரிசையில் நின்றாள். எலியாஸ் கடிதத்தைப் பிரித்தான், அவளைப் பார்த்தான், மறுபடி கடிதத்தைப் பார்த்தான். பிறகு படித்தான்.

"ஆமோஸ் ஃபோட் இறந்துபோனதற்கு முதலாளி ரொம்ப வருத்தப்படுகிறார். அவர் கை படாத கல் இந்தப் படுகைகளில் ஒன்றுகூட இல்லை என்பது தனக்குத் தெரியும் என்கிறார். அவர் மனைவி இருக்கிற இடத்திலேயே இருக்கலாம், குச்சிகளிலிருந்து அன்னபேதி உதிர்க்கும் வேலையைப் பார்க்கலாம் என்கிறார்."

டமாரிஸ் அத்தை அழுதாள். நாங்களும் அழுதோம். "கேட்டோம்" என்று அன்றைக்குத்தான் மனசாரச் சொன்னோம். குச்சி உதிர்க்க இந்தக் கிழவியை விட்டால் ஆளில்லை என்று எலியாஸ் தன் கைப்பட லண்டனுக்கு எழுதி எப்படியோ சரிக்கட்டியிருக்கிறான். அதுவும் பின்னால் தெரிந்ததுதான்.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் எங்களுக்கு ஒரு நல்ல முதலாளி இருந்தார். ஆமோஸின் சாவு அவர் மனசை மாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். சரக்கு பரவாயில்லை என்பார், இரும்பைத் தாராளமாகப் போடச் சொல்வார், கரையில் குளிர் அதிகமாமே என்று விசாரிப்பார். ஒரு கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சிறு பீப்பாய் நிறைய ஊறுகாய்ச் சிப்பி லண்டனுக்கு அனுப்பினோம். "வீட்டம்மா விரும்பிச் சாப்பிட்டார்களாம்" என்று எலியாஸ் படித்தான். நாற்றம் பிடித்த சிப்பியைக் காட்டி என்னை வளைக்கப் பார்க்கிறீர்களா, பீப்பாயோடு சாக்கடையில் கொட்டிவிட்டேன் என்பதுதான் உண்மையில் எழுதியிருந்தது.

எங்களுக்கெல்லாம் கடிதம் படிக்கிற சனிக்கிழமை வந்தால் தெம்பு வரும். எலியாஸ் மட்டும் கடிதத்துக்குக் கடிதம் வற்றிக்கொண்டே போனான். கடிதத்தை முதலில் அவன் தனியாகப் படித்தாக வேண்டுமே. எங்கள் இருபது பேருக்கும் வந்த வசவை ஒருத்தன் விழுங்கிக்கொண்டிருந்தான். எங்களுக்குத் தெரியாது. வயிற்றுப்புண் என்று சொல்லிக்கொண்டு ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்பான்.

ஒரு நாள் குளிர்தொட்டிப் பக்கம் டமாரிஸ் அத்தையும் நானும் குச்சி உதிர்த்துக்கொண்டிருந்தோம். ஏபெல் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். எலியாஸ் சரக்குப் படகில் வந்த பழைய லண்டன் பத்திரிகை ஒன்றோடு வந்தான். பச்சைக் கட்டி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"இது பாக்க எப்படி இருக்கு, சொல்லுங்க."

"எப்படி இருக்கும், என் கையைப் புண்ணாக்கற சனியன் மாதிரி இருக்கு" என்றாள் டமாரிஸ் அத்தை.

"கண்ணாடி மாதிரி இல்ல? லத்தீன்ல கண்ணாடிக்கு விட்ரும்னு பேரு. அதை வச்சுத்தான் படிச்சவங்க இதுக்கு விட்ரியால்னு பேர் வச்சாங்க. அழகான பேருதான். அப்புறம் எவனோ இதைக் காய வச்சு, மண்பானையில அடைச்சு எரிச்சுப் பாத்தான். எண்ணெய் மாதிரி ஒரு திராவகம் இறங்கிச்சு. அதுக்கும் அதே பேரு. தோல், மரம், துணி, எதுல பட்டாலும் கருக்கிடும்."

"எங்களுக்கே பாடமா?" என்றார் ஏபெல்.

"இரு, இன்னும் இருக்கு. இப்ப லண்டன்ல ஒருத்தன் இன்னொருத்தனைக் கரிச்சுக்கொட்டி எழுதினா, அந்த எழுத்துக்கும் விட்ரியால்ங்கறாங்களாம். இந்தப் பத்திரிகையில போட்டிருக்கு."

டமாரிஸ் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "திட்டறதுக்கு நம்ம ஊர்ச் சரக்கோட பேரா வைக்கணும்? நாம யாரைத் திட்டினோம்? நாள் முழுக்க வாயைத் திறக்கவே தெம்பில்ல."

"அத்தை, அவங்க எழுதற மையும் நம்ம சரக்குலதான் காய்ச்சறாங்க" என்றார் ஏபெல். "நாம கூலி வாங்கிட்டு அதைக் காய்ச்சறோம், அவன் காசு வாங்கிட்டு அதைத் துப்பறான். நல்லவேளை, நம்ம முதலாளிக்கு அந்த வியாதி எப்பவோ தெளிஞ்சிடுச்சு."

எலியாஸ் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, இருமலில் கண்ணீர் வந்து, நான் முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று. இவனுக்கு என்ன இவ்வளவு சிரிப்பு என்று நினைத்தேன். சிப்பி அளவு மூளை எனக்கு.

அந்த வருஷம் கோடையில் ஈயக்காரன் ஒருத்தன் வந்து காலிக் கொப்பரைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் முதலாளிக்கு எழுதிக்கொள்கிறேன் என்று போனான். முதலாளியின் அடுத்த கடிதம் மூன்று தாள். அவர் கடிதம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்குமாம். முதல் தாளில் எவ்வளவு சரக்கு வேண்டும் என்ற உத்தரவு, கடைசித் தாளில் படகு வரும் தேதி, நடுத்தாள் முழுக்க வசவு. ஒன்பது வருஷம் அதைக் குடித்த எலியாஸால் அந்த மாதம் குடிக்க முடியவில்லை. நடுத்தாளை அவன் படிக்கவில்லை. படிக்காமலே அந்த இடத்தில், எல்லோரும் நலமா என்று முதலாளி கேட்கிறார் என்று சொல்லிவிட்டான்.

நாங்கள் "கேட்டோம்" என்றோம். ஏபெல் திங்கட்கிழமை மூன்றாம் கொப்பரையை நிரப்பி நெருப்பு வைத்தார்.

பதினாறாம் நாள் காலையில், ஏபெல் பதம் பார்க்க மண்தட்டில் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருந்தபோது, கொப்பரையின் அடி போயிற்று. மொத்தத் தண்ணீரும் அடுப்புக்குள் இறங்கியது. நான் கரையில் இருந்தேன். சத்தம் கேட்டு மேட்டில் ஓடி ஏறும்போது கொட்டகை முழுக்க வெள்ளையாக ஆவி. ஏபெலை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். வலது காலில் முழங்காலுக்குக் கீழே உருகின ஈயம் பூட்ஸோடு ஒட்டியிருந்தது. அதற்கு மேல் சொல்ல என்னால் முடியாது.

காலை எடுக்காமல் வைத்தியர் காப்பாற்றினார். ஆனால் பாதம் பாதமாக இல்லை. எலியாஸ் எங்கள் வீட்டு வாசல் வரை வந்தான். உள்ளே வரவில்லை. அவன் முகம் செத்தவன் முகமாக இருந்தது. சினேகிதனுக்காகத் துடிக்கிறான் என்று நினைத்து, "உள்ள வா எலியாஸ், அவரு உன்னைத்தான் கேக்கறாரு" என்று கூப்பிட்டேன். அவன் திரும்பி நடந்துவிட்டான். நேரே கொட்டடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, அந்த நடுத்தாளை எடுத்துப் படித்திருக்கிறான்.

எங்கள் வீடு கொட்டடி வீடு. வேலை போனால் வீடும் போகும். கொப்பரையை நாசமாக்கின கொப்பரைக்காரனை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. நம் முதலாளி நல்ல மனுஷன், ஏபெலைத் தெருவில் விடமாட்டார் என்று ஏபெலிடம் தினமும் சொன்னேன். அவரும் நம்பினார். மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. சனிக்கிழமை ஏபெலை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தோம்.

எலியாஸ் கடிதத்தைப் பிரித்தான். உரக்க, நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"ரிக்டன் என்ற அந்த இரண்டுகால் மாட்டுக்கு நான் போன கடிதத்திலேயே எச்சரிக்கை அனுப்பியிருந்தேன். என் வார்த்தையை மீறி என் கொப்பரையை உருக்கியவன், தன் காலையும் உருக்கிக்கொண்டது ஒன்றுதான் இதில் எனக்குக் கிடைத்த ஆறுதல். அவனும் அவன் பெண்டாட்டியும் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மற்றவர்கள்..."

மற்றவர்களைப் பற்றியும் படித்தான். ஒரு சொல்லை விடவில்லை. என்னை, டமாரிஸ் அத்தையை, ஒவ்வொருத்தரையும். ஏதோ காரணத்தால் முதலாளிக்குப் பழைய புத்தி திரும்பிவிட்டது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"எச்சரிக்கையா?" என்றார் ஏபெல். "என்ன எச்சரிக்கை? எனக்கு யாரும் சொல்லலியே."

எலியாஸ் சட்டைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தான். "மூன்றாம் கொப்பரையின் அடி ஈயம் தாள்போலத் தேய்ந்திருப்பதாக ஈயக்காரன் சொல்கிறான். புது ஈயம் வரும்வரை அதன்கீழ் நெருப்பு வைக்கக் கூடாது. அந்தத் தூங்குமூஞ்சி ரிக்டனுக்கு இதை மண்டையில் அடித்துச் சொல்லு." படித்துவிட்டுத் தாளை மடித்தான். "போன கடுதாசியில இருந்தது. நான் உங்களுக்குப் படிக்கல. நானே படிக்கல. வசவுன்னு நெனச்சு விட்டுட்டேன். ஒன்பது வருஷமா வசவை விட்டுட்டுத்தான் படிக்கறேன்."

யாரும் "கேட்டோம்" சொல்லவில்லை. பிறகு டமாரிஸ் அத்தை முன்னால் வந்தாள்.

"அப்போ என் ஆமோஸைப் பத்தி? அவரு கை படாத கல்லே இல்லன்னு முதலாளி எழுதினாரே?"

"அது நான் சொன்னது, அத்தை."

"முதலாளி என்ன எழுதினாரு?"

எலியாஸ் தலையை ஆட்டினான். "வேணாம் அத்தை."

"ஒன்பது வருஷம்டா! ஒன்பது வருஷமா ராத்திரி படுக்கறதுக்கு முந்தி அந்த மனுஷனுக்காக முழங்கால் போட்டு ஜெபம் பண்ணேன். அந்த ஜெபமெல்லாம் யாருக்குடா போச்சு?"

அத்தை அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு போர்வையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒவ்வொருத்தராகப் போனார்கள். போகிற போக்கில் ஒருத்தன் அவன் காலடியில் துப்பினான். ஏபெல் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, முதலாளி எழுதினதில் எதுவும் அதற்கு முன்னால் நிற்காது.

அன்றைக்குச் சாயங்காலமே எலியாஸ் லண்டனுக்கு எழுதினான். எச்சரிக்கையைத் தான்தான் மறைத்ததாகவும் ரிக்டன் மேல் குற்றமில்லை என்றும், ஒன்பது வருஷத்துக் கதையையும் சேர்த்து. பதிலில் அவன் வேலை போயிற்று. எங்களுக்கு வீடு நின்றது. நொண்டிக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள், ஆகையால் அவன் அரைக் கூலிக்கு நிற்பான் என்று எழுதியிருந்தார் பெல்சி. புதுக் குமாஸ்தா அதை வாய் கூசாமல் படித்தான். "கேட்டோம்" என்றோம்.

எலியாஸ் ஊரைவிட்டுப் போவான் என்று எதிர்பார்த்தேன். போக இடமில்லை போல. ஒரு நாள் விடிகாலை கூடையோடு கரைக்கு வந்து, எனக்கு இருபது அடி தள்ளிக் குனிந்தான். குமாஸ்தாவின் மிருதுவான கை ஒரே வாரத்தில் கிழிந்தது. யாரும் அவனோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. இரண்டு வருஷம் ஒரே கரை, ஒரே குளிர். அவன் கூடை நிறைந்தால் நான் பார்க்காத நேரம் பார்த்து என் கூடையில் நாலு கல் போடுவான். எனக்குத் தெரியும். எடுத்து வெளியே போட உடம்பில் தெம்பில்லாததால் விட்டுவிடுவேன்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமைக் கடிதத்தில் பெல்சி ஏபெலைப் பற்றி எழுதியிருந்தார். கொட்டடியில் இழுத்து இழுத்து நடக்கிற அந்த நொண்டி மாட்டின் தீனிச்செலவைவிடத் தோல் அதிக விலை போகும் என்று. ஏபெல் இருபது பேர் நடுவில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று கேட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திரும்பிப் படுக்கவில்லை. நான் என்ன சொன்னாலும் காதில் ஏறவில்லை. ஏபெலுக்கு என் வார்த்தை போதாது. எழுத்தில் வந்த வசவை எழுத்தில் வந்த நல்ல வார்த்தைதான் மாற்றும்.

திங்கட்கிழமை கரையில் நான் எலியாஸ் பக்கத்தில் போய் நின்றேன்.

"எலியாஸ்."

இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை. அவன் நிமிர ரொம்ப நேரம் பிடித்தது.

"சனிக்கெழம கடுதாசி கேள்விப்பட்டியா?"

"கேள்விப்பட்டேன்."

"நீ அங்க நின்னிருந்தா, அதை எப்படிப் படிச்சிருப்பே?"

அவன் என்னையே பார்த்தான். நான் என்ன கேட்கிறேன் என்று அவனுக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு வரி போதும் எனக்கு. ரிக்டனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுங்கள், முதலாளி விசாரித்ததாகச் சொல்லுங்கள், இப்படி ஏதோ ஒன்று. அதை வீட்டுக்கு எடுத்துப்போய் ஏபெலின் காதில் சொல்லியிருப்பேன். கேட்டால், எலியாஸ் லண்டன் ஆள் ஒருத்தனிடம் கேள்விப்பட்டான் என்று சாதித்திருப்பேன்.

"இருக்கறபடியேதான் படிச்சிருப்பேன், மெர்சி."

"ஒரு வார்த்தைகூட மாத்தாம?"

"மாத்தாம."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கல்லை அவன் மேல் எறிந்திருப்பேன். ஏபெலின் காலைத் தின்றது அவன் சொன்ன பொய். அதே பொய்யைத்தான் நான் அவன் முன்னால் நின்று பிச்சை கேட்டேன். அவனிடம் இப்போது அது இல்லை. கடல் ஏற ஆரம்பித்திருந்தது. இரண்டு பேரும் மறுபடி குனிந்து, அது வருவதற்குள் கிடைத்ததைப் பொறுக்கினோம்.